தினமும் ஒரு டம்ளர் கூலன்ட்

வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து அந்த சர்வீஸ் சென்டர் வாசலில் நிறுத்தியது நான். இறங்கிப் போய் சாவியை நீட்டியது நான். "கூலன்ட் குறையுது, கீழ ஒழுகல, சூடு காட்டற முள்ளு ஏறல" என்று மூன்றே வாக்கியத்தில் நோயைச் சொன்னதும் நான்தான். கையில் டேப்லெட் வைத்திருந்த அந்த அட்வைசர் சாவியை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், இடப்பக்க சீட்டில் உட்கார்ந்திருந்த என் கணவரிடம் குனிந்து கேட்டார்.

"எத்தன நாளா சார் குறையுது?"

என் கணவரால் பேச முடியாது. நாக்கில் வந்த புற்றுநோய்க்கு ரேடியேஷன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று பதினாலாவது நாள். வாய் முழுக்கப் புண். ஒரு வார்த்தை பேசிவிட்டால் அரைமணி நேரத்துக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கும். கழுத்துத் தோல் கறுத்து உரிந்திருந்ததால் மெல்லிய வேட்டித் துணியைச் சுற்றியிருந்தார். மடியில் குழந்தைகள் எழுதி அழிக்கிற சின்னப் பலகை இருந்தது. இத்தனையையும் பார்த்துக்கொண்டேதான் அந்த மனிதர் கேட்டார்.

"அவரால பேச முடியாது. என்கிட்ட கேளுங்க" என்றேன்.

"ஓகே மேடம்" என்றார். மறுபடி அவர் பக்கமே திரும்பினார். இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக: "லாங் டிரைவ் ஏதாவது போனீங்களா சார்?"

பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்று முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. என் கணவர் பாவம், இல்லை என்று தலையை ஆட்டினார். அதை உடனே டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டார் அட்வைசர். வண்டியை ஓட்டுகிறவள் சொன்ன மூன்று வாக்கியத்தை விட, ஓட்டாதவரின் ஒரு தலையாட்டலுக்கு அங்கே மதிப்பு அதிகம்.

நான் மயிலாப்பூரில் ஒரு கான்வென்ட் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். தண்ணீர் எப்போது கொதிக்கும், அழுத்தம் ஏறினால் கொதிநிலை ஏன் ஏறும் என்பதையெல்லாம் கரும்பலகையில் எழுதி எழுதியே என் வலது தோள்பட்டை தேய்ந்தது. காரை ஓட்டக் கற்றுக்கொண்டது மட்டும் ஐம்பது வயதுக்கு மேல். அதுவரை எங்கள் வீட்டில் வண்டி என்றால் அவர்தான். நாற்பது வருஷமாக ஓட்டியவர். நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார். "டீச்சர், லெஃப்ட்ல ஒருத்தன் வரான்" என்பார். கோபம் வந்தாலும் கிண்டல் வந்தாலும் நான் அவருக்கு டீச்சர்தான்.

நோய் வந்ததும் சாவி என் கைக்கு வந்துவிட்டது. சாந்தோம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஃபிளாட்ஸிலிருந்து அடையாறு ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் ஐந்து நாள், காலை எட்டரைக்குள் போயாக வேண்டும். மொத்தம் முப்பத்துமூன்று நாள். ஒரு நாளைக்கூட விடக் கூடாது, நடுவில் விட்டால் மற்ற நாட்களில் கொடுத்ததன் பலனும் குறையும் என்று டாக்டர் முதல் நாளே விரலை நீட்டிச் சொல்லியிருந்தார். ஆட்டோவில் கூட்டிப் போய்ப் பார்த்தேன். மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட ரோட்டில் அது தூக்கிப் போட்ட ஒவ்வொரு குழிக்கும் அவர் முகம் சுருங்கியது. உரிந்த கழுத்தில் தூசி போய் ஒட்டியது. போனில் கூப்பிடுகிற டாக்சிக்காரர்களோ, "மயிலாப்பூரா, உள்ள வர முடியாதும்மா" என்று சொல்லிவிட்டுத் துண்டித்தார்கள். ஆகவே ஏசி போட்ட எங்கள் சொந்த வண்டிதான் கதி. அது நின்றால் சிகிச்சை நிற்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் வண்டி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது.

தினமும் காலை ஆறு மணிக்கு, கோவில் மணி அடித்ததும், அவர் தனியாக மாடியிலிருந்து இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு வருவார். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, திரும்பி வந்தவர் பலகையில் 'கூலன்ட் குறையுது' என்று எழுதிக் காட்டினார். நானும் கூட இறங்கிப் போய்ப் பார்த்தேன். இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் நிற்பது, ரேடியேட்டருக்குப் பக்கத்தில், அதோடு குழாயால் இணைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். பழைய வண்டி என்பதால் அந்த டப்பா பழுப்பேறி, உள்ளே இருப்பது வெளியே தெரியாமல் கிடந்தது. அவர் மூடியைத் திறந்து, விரலை விளிம்பில் வைத்து, அங்கிருந்து கீழே இறக்கிக் காட்டினார். இவ்வளவு குறைந்திருக்கிறது. பிறகு பலகையில் எழுதினார்: 'ஒரு டம்ளர்.'

கடைக்குப் போய் ஒரு கேன் கூலன்ட் வாங்கி வந்து டிக்கியில் வைத்தேன். "காலைல பாக்கறப்போ இதுலருந்து ஊத்திடுங்க" என்றேன். சரி என்று தலையாட்டினார். மறுநாளும் ஒரு டம்ளர் குறைந்தது. அதற்கு அடுத்த நாளும்.

தண்ணீர் காணாமல் போகாது. அது ஒழுக வேண்டும், அல்லது ஆவியாக வேண்டும், அல்லது இன்ஜினுக்குள் போய் எரிந்து புகையாக வேண்டும். வேறு வழி அதற்கு இல்லை. ஆகவே நான் வரிசையாகப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வைத்தேன். காலையில் அது காய்ந்தே இருந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் கலந்தால் ஆயில் டிகிரி காபி நிறத்துக்கு வரும், வரவில்லை. கால்மிதியைத் தூக்கித் தடவினேன், ஈரமில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை, இனிப்பு வாசனையும் இல்லை. ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் நீவினேன். எல்லாம் நல்லபடியாக இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் அதே ஒரு டம்ளர்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அடையாறு பாலத்தின் மேல் ஏறினாலே என் ஒரு கண் ரோட்டிலும் இன்னொரு கண் அந்த முள்ளிலும் இருக்கும். காலை நேரத்தில் பாலத்தில் வண்டிகள் அசையாமல் நிற்கும். அங்கே இன்ஜின் சூடேறி நின்றுவிட்டால் இவரை எங்கே இறக்குவேன்? வெயிலே படக் கூடாது என்று சொல்லப்பட்ட கழுத்தோடு எந்த நிழலில் நிறுத்துவேன்? முள் ஒரு நாளும் பாதியைத் தாண்டவில்லை. இருந்தும் பாலம் இறங்கி முடிகிறவரை நான் மூச்சு விட்டதாக நினைவில்லை.

முதலில் மந்தைவெளிப் பக்கம் ஒரு சந்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம்தான் போனேன். பல வருஷமாக எங்கள் வண்டியைப் பார்க்கிறவர். அவரும் என் கணவரிடம்தான் ஆரம்பித்தார்.

"இன்னா சார், ரொம்ப எள்ச்சி பூட்டீங்க? வண்டி இன்னா சொல்லுது?"

வண்டி என்ன சொல்லுகிறது என்பதை நான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே தரையில் ஒரு சாக்கைப் போட்டு வண்டிக்கு அடியில் சரிந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, உள்ளேயிருந்து குரல் வந்தது. "இதோ கீது பாரு சார்! தண்ணி சொட்டிக்கினு கீது! இது கூட தெரியாம ஓட்டிக்கினு இருந்தீங்களா?"

நான் குனிந்து, சொட்டிய இடத்தில் விரலை வைத்து எடுத்துக் காட்டினேன். "இது ஏசி தண்ணி. ஜில்லுன்னு இருக்கு, பாருங்க. கூலன்ட் மாதிரி பச்சையா இல்ல, பிசுபிசுன்னும் இல்ல. ஏசி போட்டா எல்லா வண்டியிலயும் சொட்டும்."

அவர் வெளியே வந்து, என் விரலைப் பார்க்காமல், என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "அக்கா டீச்சரா சார்?"

பத்து வருஷமாகத் தெரிந்த விஷயம் அது. அவருடைய மகளுக்கு ஒரு வருஷம் நான் வகுப்பெடுத்திருக்கிறேன். இருந்தும் அன்று அதை இவரிடம் கேட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "வெளிய ஒழுகலன்னா உள்ள குட்ச்சிக்கினு கீது சார். ஹெட் காஸ்கெட்டு பூட்ச்சி. இன்ஜின தொறந்துதான் பாக்கணும்." இன்ஜினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் வைத்து இறுக்கியிருக்கும் தகடுதான் அந்த காஸ்கெட். அது போயிருந்தால் எண்ணெயில் தண்ணீர் இருக்க வேண்டும், புகையில் இருக்க வேண்டும், எங்காவது இருக்க வேண்டும். எதுவுமே இல்லாமல் எப்படி என்று கேட்டேன். "இருக்கும்மா, போகப் போகத் தெரியும்" என்றார்.

விஷயம் தி.நகரில் இருக்கும் என் கொழுந்தனார் காதுக்கும் போய்விட்டது. அவர் போனில் வந்தார். "அண்ணி, நீங்க கிளட்ச்ச மிதிச்சிக்கிட்டே ஓட்டறீங்க. அதான் இன்ஜின் சூடாகித் தண்ணி குடிக்குது. எதுக்கும் மெக்கானிக் கிட்ட போறப்ப சொல்லுங்க, நான் வரேன். ஆம்பள ஒருத்தர் கூட இருந்தா அவங்களுக்கு ஒரு பயம் இருக்கும்." முள்ளே ஏறவில்லை என்று சொல்கிறேன், இன்ஜின் சூடாகிறது என்கிறார். கூட ஓர் ஆண் இல்லையா? பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற என் கணவர் யார்? நோயாளி ஆனதும் அவரையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்களா? இதையெல்லாம் கேட்காமல், "பால் பொங்குது" என்று பொய் சொல்லி போனை வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்த டேப்லெட்காரரின் சர்வீஸ் சென்டர். கண்ணாடிச் சுவர், ஏசி, காபி மெஷின் எல்லாம் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே போனோம். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு அட்வைசர் சொன்னார், "லெவல் ஃபுல்லா இருக்கே சார்." இது எனக்கு இன்னொரு அடி. இல்லாத நோயைச் சொல்லிக்கொண்டு வந்தவள் ஆகிவிட்டேன். "காலைல ஊத்தினது இருக்கும். நாளைக்குக் காலைல பாத்தா குறைஞ்சிருக்கும்" என்றேன். அழுத்தம் கொடுத்துச் சோதிக்கிற பம்பு ஒன்றை மாட்டினார்கள். இருபது நிமிஷம் வைத்தார்கள். அதன் முள் இம்மியும் இறங்கவில்லை. எங்கேயும் கசிவு இல்லை என்று அர்த்தம்.

"லீக் இல்ல சார். ஆனா கூலன்ட் ரொம்ப வெளுத்திருக்கு. பாதிக்கு மேல தண்ணிதான். யாரோ பச்சத் தண்ணிய ஊத்தியிருக்காங்க."

எனக்கு அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. யாரோவா? நாலு மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில்தான் சர்வீஸ் ஆனது. கூலன்ட் மாற்றினோம் என்று பில்லிலேயே போட்டிருந்தார்கள். இப்போது நாங்கள் ஊற்றுவதெல்லாம் கேனிலிருந்து நல்ல கூலன்ட். அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வந்தது? "நீங்கதான் தண்ணிய ஊத்திட்டு கூலன்ட்டுன்னு பில் போட்டிருக்கீங்க. பொம்பள ஓட்டற வண்டி, ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிட்டீங்க. ஒரு நோயாளிய வெச்சிக்கிட்டு நான் தெனம் பாலத்து மேல உயிரக் கையில பிடிச்சிக்கிட்டுப் போறேன், நீங்க தண்ணிய ஊத்தி ஏமாத்தறீங்க!" காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அட்வைசரின் முகம் வெளுத்தது. எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது நன்றாகவே இருந்தது.

என் கணவர் இறங்கி வந்து என் முழங்கையைத் தொட்டார். உதறினேன். அவர் பலகையில் அவசரமாக ஏதோ எழுதி என் முகத்துக்கு நேராக நீட்டினார். நான் அதைப் படிக்கவே இல்லை. "நீங்க சும்மா இருங்க, நான் பேசிக்கறேன்" என்றேன். அவர் கட்டைவிரலால் பலகையின் பட்டையை இழுத்து, எழுதியதை அழித்துவிட்டு, வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

மேனேஜர் வந்தார். அட்வைசரை என் முன்னாலேயே நாலு வார்த்தை கடிந்துகொண்டார். மேனேஜர் கூலன்ட்டை இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னார். ஆனால் தினம் ஒரு டம்ளர் குறைகிறது என்றால் காஸ்கெட்டைப் பார்த்துவிடுவதுதான் நல்லது, அதற்கு வண்டியைப் பத்து நாள் விட வேண்டும் என்றார். பத்து நாளா! பத்து நாள் வண்டி இல்லாமல் இவரை எப்படிக் கூட்டிப் போவேன்? ஒன்றும் வேண்டாம், சாவியைக் கொடுங்கள் என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மூன்று நாள் கழித்து ஒரு காலையில் வாங்கிய பால் பாக்கெட் ஓட்டையாக இருந்ததால், மாற்றி வாங்க ஆறு மணிக்கே கீழே இறங்கினேன். கடைசிப் படியிலிருந்து கார் நிறுத்துகிற இடம் நேராகத் தெரியும். பானெட் திறந்திருந்தது. அவர் குடிதண்ணீர் பாட்டிலைச் சாய்த்து அந்தப் பழுப்பு டப்பாவுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். நிதானமாக, சிந்தாமல், டப்பாவின் கழுத்தை எட்டியும் நிறுத்தாமல், விளிம்பில் தண்ணீர் வந்து தளும்புகிற வரைக்கும். பிறகு பாட்டிலை நிமிர்த்தி, இன்னும் இரண்டு சொட்டு விட்டார்.

இந்தக் கையை எனக்குத் தெரியும். ஊரில் தண்ணீரே இல்லாமல் லாரிக்குக் காத்துக்கிடந்த வருஷங்களில், எங்கள் ஃபிளாட்ஸில் குடம் பிடிக்கிற வரிசைக்கு இவர்தான் தளபதி. குடம், பக்கெட், அண்டா, குக்கர் என்று எதிலும் ஒரு விரற்கடை காலியிருக்க விடமாட்டார். விளிம்பு வரை தளும்பினால்தான் மூடுவார். அதற்கும் முன்னால் அவர் ஓட்டிய பழைய அம்பாசிடரும் அப்படித்தான். காலையில் எழுந்ததும் ரேடியேட்டர் மூடியைத் திருகி, கழுத்து வரை தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் அந்த வண்டியை எடுக்க முடியும். நாற்பது வருஷப் பழக்கம். அந்த டப்பாவைப் பாதியில் விட அவருடைய கைக்குத் தெரியாது.

படியிலேயே நின்று கணக்குப் போட்டேன். இன்ஜினுக்குள் சுமார் ஐந்து லிட்டர். முப்பது டிகிரியிலிருந்து தொண்ணூறு டிகிரிக்குச் சூடாகிறது. தண்ணீர் நூற்றுக்கு மூன்று பங்காவது விரியும். நூற்றைம்பது மில்லி. விரிந்தது வந்து தங்குவதற்குத்தான் அந்த டப்பாவில் காலி இடம் விடுவது. அந்த இடத்தை இவர் தினமும் நிரப்பிவிட்டார். விரிந்த தண்ணீர் போக இடமில்லாமல், பக்கத்துக் குழாய் வழியாக மந்தைவெளியிலோ பாலத்திலோ ரோட்டில் வழிந்து காய்ந்தது. ஆறியதும் டப்பாவில் ஒரு டம்ளர் குறைந்தது. மறுநாள் காலையில் அவர் அதை மறுபடி நிரப்பினார். வண்டி ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. இத்தனை நாளும் எதுவுமே பழுதாகவில்லை. எவ்வளவு குறைந்தது என்று கேட்ட நான், எந்த அளவிலிருந்து குறைந்தது என்று கேட்கவில்லை. ஒரு மாணவி இப்படி அளந்துகொண்டு வந்திருந்தால் சோதனைக்கூடத்தை விட்டு வெளியே நிறுத்தியிருப்பேன்.

எனக்கு வந்த கோபம் இன்னதென்று சொல்ல முடியாது. ஷெட்டில் பட்ட அவமானம், சர்வீஸ் சென்டரில் நான் ஆடிய ஆட்டம், ஒரு பாவமும் அறியாத மனிதரைத் திருடன் என்றது, எல்லாம் சேர்ந்து வந்தது.

"என்ன பண்றீங்க நீங்க?"

திடுக்கிட்டார். பாட்டில் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"இதுல கோடு போட்டிருக்கும், அதுக்கு மேல ஊத்தக் கூடாது. தெனம் நீங்க ஊத்தறது தெனம் ரோட்டுல வழியுது. இதுக்கா நான் ஊரெல்லாம் சண்ட போட்டேன்? அங்க தண்ணி தண்ணின்னு அவங்க சொன்னப்போ வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தீங்களே!"

பலகை மேலே வீட்டில் இருந்தது. அவர் என்னை நேராகப் பார்த்தார். பிறகு பேசினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நின்று, தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு பேசினார்.

"எழுதினேன். அன்னிக்கு. சும்மா இருன்னுட்ட."

ஆனாலும் கோபம் உடனே இறங்கிவிடுகிற பொருளில்லை. டிக்கியைத் திறந்து கேனை எடுத்தேன். சீல் உடைக்கப்படாமல் அப்படியே இருந்தது. "இத வாங்கிக் குடுத்தேனே, இதையாவது ஊத்தியிருக்கலாமில்ல?"

"மூடி தொறக்கல." வலது கையை விரித்துக் காட்டினார். அழுத்திப் பிடித்துத் திருக வேண்டிய மூடி அது. விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஒரு மாதத்தில் எட்டு கிலோ குறைந்திருந்த மனிதரின் கை.

"என்னக் கூப்பிட்டிருந்தா தொறந்து குடுத்திருப்பேனே."

அவர் முகம் சிவந்தது. நோய் வந்ததிலிருந்து நான் பார்க்காத கோபம். "எதுக்கெல்லாம் கூப்பிடறது? சட்ட பட்டன். மருந்து மூடி. கஞ்சி." விரலை மடக்கி மடக்கி எண்ணினார். "எல்லாம் நீயே பண்ற. கேட்டா, சும்மா இருங்க. எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணு..." அதற்கு மேல் வலி அவரை விடவில்லை. வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார். இமை ஓரத்தில் தண்ணீர் இறங்கியது. அது வலியாலா என்று நான் கேட்கவில்லை.

ஒரு மாதமாக யாரும் என்னைப் பார்த்துப் பேசவில்லை என்று நான் குமுறிக்கொண்டிருந்தேன். அவர்களெல்லாம் எனக்குச் செய்ததை நான் அவருக்கு வீட்டிலேயே, அதுவும் அன்போடு, செய்துகொண்டிருந்தேன். என்மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பாலத்தில் நின்றோம். முள் பாதியிலேயே இருந்தது.

அன்று மாலை டப்பாவின் அழுக்கை பிரஷால் தேய்த்ததும் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற இரண்டு கோடுகளும் தெரிந்தன. அதிகமாக இருந்ததை மருந்து கொடுக்கிற சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். மூன்று நாள் பார்த்தோம். இம்மியும் குறையவில்லை. சனிக்கிழமை மந்தைவெளி ஷெட்டில் பழைய தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டுச் சரியான கூலன்ட்டை ஊற்றச் சொன்னோம். அப்படியே சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்டுத்தானே ஆக வேண்டும். அந்த அட்வைசரே எடுத்தார். உங்கள்மேல் தப்பில்லை, தண்ணீர் எங்கள் வீட்டில்தான் ஊற்றியிருக்கிறோம், அன்று கத்தியதற்கு மன்னிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"பரவால்ல மேடம்" என்றார். "சார் பக்கத்துல இருக்காரா? போன அவர் கிட்ட குடுங்க, எக்ஸ்ப்ளெயின் பண்ணிடறேன்."

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் என் கணவரும் கேட்டுவிட்டார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். வலித்தது, ஆனாலும் சிரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கேனின் சீலை உடைத்து, மூடியைத் தளர்வாகத் திருகி, டிக்கியில் அதே இடத்தில் வைத்தேன். அதைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை இருபதாவது நாள். நான் பையையும் ஃபைலையும் எடுத்துக்கொண்டு இறங்கியபோது அவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். பலகையை நீட்டினார். 'ரெண்டு கோட்டுக்கும் நடுவுல. ஊத்தல. நீயும் பாரு.'

பரீட்சைப் பேப்பரில் கூட்டிய மதிப்பெண்ணை மூன்று தடவை கூட்டிப் பார்க்கிறவள் நான். கழுத்து தானாகவே குனியப் போனது.

"நீங்க பாத்தாச்சுல்ல. மூடுங்க, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு, போய் வண்டியில் உட்கார்ந்தேன்.

அவர் பானெட்டை இறக்கினார். பூட்டிக்கொள்ளவில்லை. என் கை கதவைத் திறக்கப் போனது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மறுபடி தூக்கி இறக்கினார். அப்போதும் இல்லை. கண்ணாடி வழியாக அவர் இரண்டு கையையும் பானெட் மேல் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குவது தெரிந்தது. மணி எட்டாகிக்கொண்டிருந்தது. நான் ஹாரன் அடிக்கவில்லை, இறங்கவில்லை. மூன்றாவது தடவை முழு உடம்பையும் போட்டு அழுத்தினார். பூட்டிக்கொண்டது.

இடப்பக்கம் வந்து உட்கார்ந்து, பெல்ட்டைத் தானே தேடி மாட்டிக்கொண்டார். பலகை மடியில் இருந்தும் அதை எடுக்கவில்லை.

"போலாம்" என்றார்.